சாவியை எடுத்த கணம்

இருவர் ஒரே இடத்தில் ஒரே அளவு குடிக்கிறார்கள். இருவரும் வண்டியை எடுக்கிறார்கள். ஒருவர் போன சாலையில் குறுக்கே யாரும் வரவில்லை. வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டார். மற்றவர் போன சாலையைக் கடந்த மூதாட்டி வீடு திரும்பவில்லை. இருவர் செய்ததும் ஒன்றே என்றால் தண்டனையும் ஒன்றாக இருக்க வேண்டாமா?

வேண்டாம் என்கிறது இந்தியச் சட்டம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வண்டி ஓட்டுவதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின், முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உயிர் போய்விட்டாலோ வழக்கே வேறு. 2006இல் மும்பை கார்ட்டர் சாலையின் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள் 7 பேர், குடித்திருந்தவர் ஓட்டிய கார் ஏறி இறந்தனர். விசாரணை நீதிமன்றம் அதைக் கவனக்குறைவாகக் கருதி 6 மாதச் சிறை விதித்தது. உயர் நீதிமன்றமோ, உயிர் போகலாம் என்று அறிந்தே செய்த செயல் என்று கூறி 3 ஆண்டாக உயர்த்தியது. 2012இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

இந்த வேறுபாட்டில் நியாயம் உண்டு. ஓர் உயிருக்குச் சட்டம் பதில் சொல்லியாக வேண்டும். பிடிபட்ட எல்லோரையும் கொலைகாரராக நடத்தினால் அதுவும் அநீதி.

ஆனால் நீதிமன்றத்துக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு மனசாட்சிக்குப் பொருந்தாது. வீடு சேர்ந்தவரைக் காப்பாற்றியது அவருடைய நிதானம் அல்ல, காலியாகக் கிடந்த சாலை. அவரோ அதைத் தன் திறமை என்று நம்புகிறார். "எவ்வளவு குடிச்சாலும் நான் ஸ்டெடி" என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் துணிச்சல் கூடுகிறது. சோதனையில் சிக்கினால், "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, எதற்குப் பத்தாயிரம்?" என்று கேட்கிறார். அடுத்தவர் உயிரை அவரைக் கேட்காமலே பணயம் வைத்ததற்குத்தான் அந்தப் பத்தாயிரம்.

போதையில் தெரியாமல் ஓட்டிவிட்டேன் என்பதும் எடுபடாது. தானே விரும்பிக் குடித்தவருக்குப் போதையைச் சாக்காகச் சட்டம் ஏற்பதில்லை. அறமும் ஏற்காது. முதல் கோப்பையின்போது அவர் தெளிவாகத்தான் இருந்தார். எப்படித் திரும்புவது என்று அப்போதே யோசித்திருக்கலாம். வண்டியை வீட்டிலேயே விட்டு வந்திருக்கலாம். அருகில் இருந்தவர்கள் சாவியை வாங்கி வைத்திருக்கலாம்.

ஆக, இருவருக்கும் தண்டனை வேறாகலாம். சாவியை எடுத்த கணத்தில் இருவர் செய்த தவறும் ஒன்றே. மூதாட்டி சாலையில் கால் வைக்குமுன்பே அது முடிந்துவிட்டது.