பலகைத் தடம்

மைக் ஹாட்ஜஸ் இயக்கிய 'கெட் கார்ட்டர்' படத்தை முதல் தடவை பார்த்தபோது, என் கண் கார்ட்டராக நடித்த மைக்கேல் கெய்னை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் நின்ற கார் நிறுத்தும் கட்டடத்தின் மேலேயே போய்ப் போய் விழுந்தது. இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றின் தென்கரையில் இருக்கும் ஊர் கேட்ஸ்ஹெட். படத்தில் அங்கே சின்னச் சின்ன வீட்டுக் கூரைகளுக்கு மேலே, பூச்சு காணாத கான்கிரீட் தளங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. உச்சியில் ஒரு கூடம். அதில் உணவகம் நடத்த ஆசைப்படுகிறான் பிரம்பி என்ற பணக்காரன். கடைசியில் அவனை அதே கட்டடத்தின் படிக்கட்டிலிருந்துதான் கார்ட்டர் கீழே தூக்கி எறிகிறான்.

படத்துக்கு வெளியிலும் அந்த உணவகம் திறக்கப்படவே இல்லை. 1967-இல் திறந்த டிரினிட்டி சதுக்கக் கட்டடம் அது. ஓவன் லூடர் நிறுவனத்துக்காக ராட்னி கார்டன் வடிவமைத்தது. 43 வருஷம் அந்தக் கூடம் வெறுமையாகவே கிடந்தது. 2010-இல் இயந்திரங்களை வைத்துக் கட்டடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுத்தார்கள். உடைந்த கான்கிரீட் துண்டுகளைத் தகர டப்பாவில் அடைத்து, டப்பா ஐந்து பவுண்டு என்று நகராட்சியே விற்றது. இடிக்கும்போதுதான் அதை ஆசையாக வாங்கிக்கொள்ள ஆள் கிடைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகிறது.

அந்தக் கட்டடத்தில் என் கால் பட்டதில்லை. மழையில் ஊறி, கறை படிந்து, ஓதம் ஏறிய அந்தப் படிகளில் தினமும் ஏறி இறங்கியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். தொலைந்தது சனியன் என்று அவர்களில் ஒருவர் சொன்னால், திரையில் மட்டும் பார்த்த நான் குறுக்கே பேச முடியாது. ஒரு படத்தில் வந்துவிட்டது என்பதற்காகவே ஒரு கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். என்னை அரிப்பது வேறு. நாற்பது வயதில் இருக்கும் எதையும் ஏன் நம்மால் பார்க்கச் சகிக்கவில்லை?

தாத்தா காலத்துப் பெட்டியை எண்ணெய் போட்டுத் துடைத்துக் கூடத்தில் வைக்கிறோம். அப்பா வாங்கிய இரும்பு பீரோவைப் பழைய இரும்புக்காரரிடம் எடை போடுகிறோம். கட்டடங்களிலும் அப்படித்தான். டிரினிட்டி சதுக்கம் எழும்பிய அதே பத்தாண்டின் தொடக்கத்தில், லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தின் முன்னால் நின்ற மாபெரும் கல்வாசலை இடித்தார்கள். 1837-இல் எழுந்தது அது. விக்டோரியா காலத்து வேலை என்றாலே அழுக்கு, அடைசல் என்று அன்றைய தலைமுறை நினைத்தது. பிறகு 1994-இல் கிழக்கு லண்டனில் ஒரு கால்வாயின் அடியில் அந்த வாசலின் கற்களைக் கண்டுபிடித்து மேலே தூக்கினார்கள். அதைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று இன்றும் ஒரு கூட்டம் போராடுகிறது. டிரினிட்டி சதுக்கத்துக்கு, தாத்தா காலத்துப் பொருளாக ஆவதற்கு வேண்டிய இன்னொரு ஐம்பது வருஷத்தை யாரும் கொடுக்கவில்லை. அதே கட்டடக் கலைஞர்கள் போர்ட்ஸ்மத்தில் கட்டிய டிரைகார்ன் வணிக வளாகம் 2004-லேயே போய்விட்டது. கார்டன் 2008-இல் இறந்தார். லூடர் இரண்டும் போனதைப் பார்த்துவிட்டு 2021 வரை இருந்தார்.

இந்த வகைக் கட்டடக் கலைக்கு புரூட்டலிசம் என்று பெயர். அதைக் கேட்டு முரட்டுத்தனம் என்று நினைத்துக்கொள்கிறோம். பூச்சில்லாத கான்கிரீட்டைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. மார்செயிலில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே கட்டிய குடியிருப்பில், கலவை கொட்டிய பலகைகளின் ரேகையைத் தேய்க்காமல் அப்படியே விட்டிருப்பார்கள். அந்த ரேகை எனக்கு நன்றாகத் தெரியும். என் அப்பா சென்டரிங் மேஸ்திரி. சவுக்கு முட்டு கொடுத்து, பலகை அடித்து, கான்கிரீட் இறுகிய பிறகு பிரிப்பார். "பிரிச்சாத்தான்டா வேலை தெரியும்" என்பார். பிரித்ததும் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்ப்பார். இரண்டு நாளில் பூச்சுக்காரர்கள் வந்து அதை மூடிவிடுவார்கள். ஆயுள் முழுக்க அவர் செய்த வேலையை அவரைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுக்கும் அவரே தளம் போட்டார். பின்னறைக்குப் பூச்சு வைக்கப் பணம் போதவில்லை. அதன் அடியில் பலகையின் வரிகளும், ஒரு கணுவும் பதிந்திருந்தன. சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருந்தபோது அந்தக் கணு எனக்கு ஒரு மாட்டின் கண்ணாகத் தெரியும். கல்யாணத்துக்கு நாள் குறித்ததும், பெண் வீட்டார் வந்து பார்த்தால் அசிங்கம் என்று நான்தான் ஆள் வைத்துப் பூசினேன். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரண்டி ஓடும் சத்தம் நின்ற பிறகு உள்ளே வந்து, நன்றாக வழவழப்பாக வந்திருக்கிறது என்றார்.

அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. 'கெட் கார்ட்டர்' படத்தைப் போன மாதம் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒளிப்பதிவாளர் வொல்ஃப்காங் சுஷிட்ஸ்கியின் காமிராவில் அந்தப் படிக்கட்டும், ஒழுங்காக வெளிச்சம் விழாத தளங்களும் அப்படியே இருக்கின்றன. முடித்துவிட்டுப் பின்னறையில் போய்ப் படுத்தேன். கணு எங்கே இருந்தது என்று மேலே பார்த்துத் தேடினேன். மின்விசிறிக் கொக்கிக்கு இடப்பக்கம், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. வெள்ளைப் பூச்சுக்குள் இன்னும் அங்கேதான் இருக்கும்.