முளை அடிக்கும் இடம்

ஊரின் நெல் விளைச்சலைக் கணக்கிட எல்லா வயல்களையும் அறுத்து நிறுப்பதில்லை. சமவாய்ப்பில் வந்த சில வயல்கள், ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் துண்டு ஒன்று. தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாக்கில் எத்தனை காலடி, அகலவாக்கில் எத்தனை காலடி நடப்பது என்பதையும் சமவாய்ப்பு எண்களே சொல்லும். அங்கே முளை அடித்து, கயிறு கட்டி, உள்ளே நிற்கும் பயிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, நிறுப்பார்கள். இதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர்.

எங்கே அறுப்பது என்ற முடிவை மனிதர் கையிலிருந்து வாங்கிவிட்டார்களே, அதுதான் இதில் அரியது. நல்லவர் கையிலிருந்தும்கூட! கதிர் முற்றிய இடத்துக்குக் கண் தானாகப் போகும். இழப்பீட்டை எதிர்பார்ப்பவர் கண்ணோ கதிர் சாவியாகிப்போன பக்கம் போகும். இடத்தை எண் சொன்னாலும் அறுக்கும் கையில் சாய்வு மிஞ்சும். 1940களில் புள்ளியியலாளர் மகலனோபிஸின் குழு வங்காளத்தில் சிறு வட்டங்களாக அறுத்தது. செலவு குறைவு, நிறைய இடங்களைப் பார்க்கலாம். இன்னொரு புள்ளியியலாளர் சுகாத்மே ஒப்பிட்டுப் பார்த்தபோது, துண்டு சிறுக்கச் சிறுக்க விளைச்சல் கூடுதலாகத் தெரிந்தது. எல்லையில் நிற்கும் பயிரைக் கை உள்ளே சேர்த்துக்கொள்கிறது. யாரும் ஏமாற்றவில்லை. துண்டு சிறிதானால் பரப்புக்கு ஓரம் அதிகம், அவ்வளவுதான்.

நிறையப் பேரைக் கேட்டால் உண்மை வந்துவிடும் என்பதும் சரியல்ல. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் இதழின் கருத்துக்கணிப்புக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் நிரப்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்றது இதழ். அவருடைய போட்டியாளர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசி, கார் வைத்திருந்தோர் பட்டியல்களையே இதழ் பெரிதும் நம்பியிருந்தது. அவர்களிலும் பதில் எழுத முனைந்தவர்கள் மட்டுமே எழுதினார்கள். கேட்கப்படாதவர்களுக்காக எத்தனை லட்சம் சீட்டும் பேசாது.

சரியாக எடுத்த மாதிரிக்கும் ஓர் எல்லை உண்டு. அது ஊரைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. பயிர்க் காப்பீட்டில், ஊரின் சராசரி குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மகசூல் இழப்புக்குப் பணம். தலைமடை வயல்கள் நன்கு விளைந்து கடைமடையில் ஒருவர் வயல் மட்டும் காய்ந்துபோனால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. கணக்கில் பிழையில்லை, அவருடைய நட்டமும் பொய்யில்லை. சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை.

கணக்கெடுக்கப் போகிறவர்களிடம் கேட்க இரண்டுதான் உண்டு. எண் விழுந்த இடம் பொட்டலாகக் கிடந்தாலும் அங்கேயே முளை அடியுங்கள். தனித்து அழிந்த வயலின் சொந்தக்காரரிடம் சராசரியைக் காட்டாமல், அந்த வரப்பில் போய் நின்று பாருங்கள்.