வாடகை வீடும் வாங்கிய கடனும்



ஜும்ஆ தொழுதுவிட்டுத் தேக்கா பக்கம் தேநீர் அருந்த அமர்ந்தால், முன்பெல்லாம் சரக்கு விலையைப் பற்றித்தான் பேச்சு எழும். இப்போது இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடுவதைப் பற்றியே பேச்சு. வீட்டு வாடகை ஹலாலான வருமானம், அதில் ஐயமில்லை. எவருடைய பணத்தைக் கொண்டு அந்த வீட்டை வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி.

டன்லப் தெருவில் நாம் தொழுகின்ற அப்துல் கபூர் பள்ளிவாசலின் வரலாற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதலில் அங்கே நம் நாட்டு வியாபாரிகளும், குதிரை பராமரித்து வந்த பவேயன் மக்களும் தொழுத மரப்பள்ளிதான் இருந்தது. வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்த ஷெய்கு அப்துல் கபூர் மர்ஹூம் அவர்கள், பள்ளி நிலத்தில் கடைகளும் வீடுகளும் எழுப்பி, அவற்றின் வருவாயைப் பள்ளிக்கென்று ஆக்கினார்கள். அந்த வாடகையின் துணையோடு 1907இல் இன்றைய கட்டடத்தின் வேலை தொடங்கியது. 1979இல் அரசாங்கம் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. பார்க்க வருவோர் அதன் முகப்பைக் கண்டு வியக்கிறார்கள். வியாபாரிகளாகிய நமக்கோ அதன் வாடகைக் கணக்கே பெரிய அதிசயம்! வருமானம் முன்னே வந்தது, மாடம் பின்னே எழுந்தது.

கடனைப் பற்றி மார்க்கம் எவ்வளவு எச்சரிக்கை செய்திருக்கிறது என்பது நாம் மதரஸாவிலேயே கேட்ட பாடம். நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையில் கடன் சுமையை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். சில தீனார் கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழவைக்க அவர்கள் முன்வரவில்லை. அபூ கதாதா (ரலி) அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்தார்கள். குர்ஆனில் மிக நீண்ட வசனம் எது என்று கேட்டால் பலர் அறியார். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் அது; கடனை எழுதிவைப்பதைப் பற்றியது.

இனி வட்டி. இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். வங்கிக் கடனுக்கு வட்டி உண்டு, வட்டி ஹராம். குடியிருக்க ஒரு வீடு வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் என்ன செய்வது என்று உலமாக்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் வாழும் முஸ்லிம்களுக்கு, தேவையை முன்னிட்டு, 1999இல் அங்குள்ள பத்வாக் குழு சில நிபந்தனைகளோடு இடம் கொடுத்தது. வேறு உலமாக்கள் அதையும் ஏற்கவில்லை. ஆனால் அந்தச் சலுகை தலைக்கு மேல் கூரைக்கு. வாடகைக்கு விடும் இரண்டாவது வீட்டுக்கு என்ன நிர்ப்பந்தம்? இதை அவரவர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டுகிறோம்.

மார்க்கத்தை ஒருபுறம் வைத்து வெறும் கடைக்காரன் கணக்கே போடுவோம் என்பாரும் உண்டு. போடலாமே. 12 லட்சம் வெள்ளிக்கு ஒரு அடுக்குமாடி வீடு. வாங்குபவர் சிங்கப்பூர்க் குடிமகன், முதல் வீட்டுக் கடன் இன்னும் தீரவில்லை. இரண்டாவது வீட்டுக்கு 2023 ஏப்ரல் முதல் கூடுதல் முத்திரை வரி நூற்றுக்கு 20. அதுவே 2,40,000 வெள்ளி. சாதாரண முத்திரை வரி 32,600. வங்கி அதிகமாக நூற்றுக்கு 45தான் கடன் தரும், 5,40,000. மீதி 6,60,000 வெள்ளி நம் கையிலிருந்து போக வேண்டும். ஆக, சாவி கைக்கு வருமுன் 9,32,600 வெள்ளி! இவ்வளவையும் கடையின் கைமுதலிலிருந்து எடுத்துவிட்டு, பண்டிகைச் சரக்குக்கு எங்கே போவது?

அந்த 5,40,000க்கு வட்டி நூற்றுக்கு ஒன்றரை என்றால் ஆண்டுக்கு 8,100 வெள்ளி. நான்கு என்றால் 21,600. இது கற்பனையன்று, 2021இல் ஒன்றரையை ஒட்டி இருந்த விகிதம் 2022 முடிவில் நான்கைத் தாண்டியது. வாடகை மாதம் 4,000 வெள்ளி வருவதாகக் கொண்டால், ஏறிய வட்டி மட்டுமே மூன்று மாத வாடகையை விழுங்கிவிடும். சொத்து வரி வேறு. ஆண்டு மதிப்பு 40,000 வெள்ளி என்றால், சொந்தக்காரர் குடியிராத வீட்டுக்கு 5,600 வெள்ளி வரி. வீடு காலியாகக் கிடந்தாலும் வரி உண்டு. அதற்கிருந்த சலுகை 2014இல் போய்விட்டது. பராமரிப்புக் கட்டணம், தரகு, குளிர்சாதனப் பெட்டியின் ரிப்பேர் இவையெல்லாம் நம் தலையில்தான்.

வாடகை ஏறிக்கொண்டே போகும் என்பார்கள். 2022இல் தனியார் வீட்டு வாடகை நூற்றுக்கு முப்பதை ஒட்டி ஏறியது உண்மை. 2024இல் இறங்கியதும் உண்மை. முடியாவிட்டால் விற்றுவிடலாம் என்பது இன்னொரு பேச்சு. 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை ஓராண்டுக்குள் விற்றால் விற்பவர் நூற்றுக்கு 16 வரி கட்ட வேண்டும்; நான்கு ஆண்டு வரை அது படிப்படியாகக் குறையும்.

நாணய ஆணையத்தின் விதி ஒன்று நம் போன்ற வியாபாரிகளுக்கு நல்ல அளவுகோல். மாதக் கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் நூற்றுக்கு 55ஐத் தாண்டக்கூடாது. நிலையில்லாத வருமானத்திலும் வாடகையிலும் நூற்றுக்கு 30ஐ வங்கி கழித்துவிட்டே கணக்கிடும். இதைச் சிலர் அநியாயம் என்கிறார்கள். நம் வருமானம் ஏறி இறங்கும் என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? வங்கி கழிக்கும் அதே பங்கை நாமும் நம் ஏட்டில் கழித்துப் பார்த்தால் என்ன?

கைமுதல் போதுமான சகோதரர்கள் தாராளமாக வாங்கலாம். போதாதவர்கள் முதல் வீட்டுக் கடனை முடித்துவிட்டுப் பிறகு எண்ணலாம். அல்லது இருவர் மூவர் கைமுதல் சேர்த்து, பங்கை எழுதி, வழக்கறிஞர் முன் கையெழுத்திட்டு வாங்கலாம். சேமித்த வாடகைக்கு ஆண்டு நிறைந்து நிஸாப் அளவு இருந்தால் நூற்றுக்கு இரண்டரை ஜகாத் உண்டு. விற்று லாபம் பெறவென்றே வாங்கிய வீட்டுக்கோ அதன் சந்தை மதிப்பிலேயே ஜகாத்.

ஏற்கெனவே கடன்பட்டவர்கள் இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். எந்த வங்கி, எவ்வளவு பாக்கி, எந்தத் தவணை, யாரிடம் கைமாற்று என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மனைவியிடமும் மூத்த பிள்ளையிடமும் கொடுங்கள். நம் மய்யித்தை அடக்கிய பிறகு, பாகப் பிரிவினைக்கு முன்னே தீர்க்க வேண்டியது கடன். அப்போது அந்தப் பிள்ளை கடையின் பழைய ரசீதுகளைக் கிளறிக்கொண்டு நிற்கக்கூடாது.