தொலைவும் தாமதமும்

தில்லிக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட தொலைவு எவ்வளவு? கணக்கு எளிது. வான்வழியே நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 2,180. வானூர்தி இத்தொலைவை இரண்டே முக்கால் மணி நேரத்தில் கடக்கிறது. 1976-இல் ஓடத் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு இன்றும் ஏறத்தாழ 33 மணி நேரம் வேண்டும். ஆயினும், ஒரு மகனுக்கும் அவன் தாய்க்கும் இடையேயுள்ள தொலைவை இக்கணக்குகள் காட்டுமா என்பதே என் ஐயம்.

1988-ஆம் ஆண்டு. எனக்கு எட்டு வயது. பாட்டிக்கு உடல்நலமில்லை என்று சென்னையிலிருந்து தந்தி வந்தது. தந்தையார் அலுவலகத்திற்கு விடுப்புக் கடிதம் எழுதி அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, கிடைத்த வண்டியில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினார். சம்பல், நர்மதை, கோதாவரி, கிருஷ்ணை என ஆறுகள் பல கடந்து, இரண்டு இரவுகள் உட்கார்ந்தபடியே சென்றார். பாட்டி அதன்பின் பத்து நாள் இருந்தார். அந்தப் பத்து நாளும் தந்தையார் உடனிருந்தார்.

ஆண்டுகள் கடந்தன. என் அன்னையார் சென்னையில் தமையனார் இல்லத்தில் வாழ்ந்து வந்தார். ஒரு மார்ச்சு மாதச் செவ்வாய்க்கிழமை தமையனார் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா உன்னைக் கேட்கிறார்கள்" என்றார். "இரண்டே முக்கால் மணி நேரந்தானே அண்ணா, சனிக்கிழமை வந்துவிடுகிறேன்" என்றேன். நிதியாண்டின் இறுதி, மேசை நிறையக் கோப்புகள். என் கணக்கில் ஈட்டிய விடுப்பு இருநூறு நாளுக்கு மேல் இருந்தது. அதில் ஒரு நாளை எடுக்க மனம் வரவில்லை. வியாழன் இரவு அன்னையார் மறைந்தார். வெள்ளிக்கிழமை காலை வானூர்தி குறித்த நேரத்தில் என்னைக் கொண்டு சேர்த்தது. அது தாமதிக்கவில்லை, தாமதித்தவன் நான்.

வேகத்தைப் பழிப்பது முறையன்று. எத்தனையோ பிள்ளைகளை உரிய காலத்தில் பெற்றோரிடம் சேர்த்ததும் இதே வேகந்தான். ஆனால், தொலைவு மிகுந்திருந்த நாளில் 'இப்போதே புறப்படாவிட்டால் சென்று சேர இயலாது' என்ற அச்சம் நம்மை எழுப்பிற்று. தொலைவு குறைந்தபின், 'எப்போது வேண்டுமானாலும் போகலாம்' என்ற எண்ணம் நம்மை அமர்த்திவிட்டது. 'எப்போது வேண்டுமானாலும்' என்பது நாட்காட்டியில் இல்லாத நாள்.

கெடுவார் விரும்பி ஏறும் மரக்கலங்கள் நான்கு என்றார் வள்ளுவர். அவற்றுள் காலம் நீட்டித்தலையே முதலில் வைத்தார். இரயிலையும் வானூர்தியையும் அறியாத காலத்தில் கூறிய அவ்வுண்மை, என்னளவில் பொய்க்கவில்லை.

மிச்சமான முப்பது மணி நேரத்தை யாருக்குக் கொடுத்தோம் என்று நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோப்புகளுக்கு நான் கொடுத்தேன்; அவை இன்று எந்த அலமாரியில் உள்ளன என்பதும் எனக்கு நினைவில்லை. அழைப்பைக் கேட்ட கணத்திற்கும் இருக்கையை விட்டு எழுந்த கணத்திற்கும் இடையிலுள்ளதே உண்மையான தொலைவு. அதைக் குறைக்கும் ஊர்தியை எவரும் செய்து தரமாட்டார். நாமே எழுந்து நடத்தல் வேண்டும்.