நூல் யார் கையில்?

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் கல்வராயன் மலைத்தொடர் வானத்தின் விளிம்பில் நீலக் கோடாகத் தெரியும். அம்மலையில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். மலையில் வாழ்வோர் என்பதே அதன் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். கேரளத்தாரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த உடன்பிறந்தார் மூவரின் வழித்தோன்றல்கள் தாம் என்று அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் அம்மூவரும் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினராம். எவர் எம்மலைக்குச் சென்றார் என்பதில் சொல்பவருக்கேற்ப வேறுபாடு உண்டு. பிரிந்ததைச் சொல்லும் இக்கதை, மூவரும் மறுபடி ஒரு பந்தியில் அமர்ந்து உண்டார்களா என்பதை, நாம் கேட்ட அளவில், சொல்லாமலே விட்டுவிடுகிறது.

சமவெளியில் வாழும் நமக்குப் பிரிவதற்கு மலைகள் வேண்டியதில்லை. ஒரு வரப்பு போதும். நெல்லும் கரும்பும் விளையும் இந்த மண்ணில் ஒரு கிணற்றின் முறைநாள் போதும். பங்காளி என்ற சொல்லையே பாருங்கள். பங்குக்கு உரியவன் என்ற அளவில் அது எவ்வளவு நேர்மையான சொல்! ஆனால் 'பங்காளிச் சண்டை' என்ற தொடரில்தான் அது நம் வாயில் அதிகம் புழங்குகிறது.

நமக்கும் ஓர் அண்ணன் உண்டு. எட்டு ஆண்டுகளாக அவரோடு பேச்சில்லை. அத்தா விட்டுச் சென்ற பொதுக்கிணற்றின் மோட்டார் அறையை ஒரு கோடையில் அண்ணன் பூட்டிவிட்டார். நமது கரும்பு காய்ந்து போயிற்று. கேட்டவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறோம். கேட்டவர்களெல்லாம் நமக்காக வருந்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரே பள்ளிவாசலில் தொழுகிறோம். ஒரே வாசல் வழியாக வெளியே வருகிறோம். ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகாது என்றும், இருவரில் முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருப்பதை இருவருமே அறிவோம். மூன்று நாட்கள் எங்கே, எட்டு ஆண்டுகள் எங்கே!

ஜமாஅத்துப் பெரியவர்கள் பேசிப் பார்த்தார்கள். பேசப் பேச வழக்கு முற்றியதே தவிர, தணியவில்லை. அவரவர் நியாயத்தை அவரவரே எடுத்துரைக்கும் இடத்தில் நியாயங்கள் கூர்மை அடைகின்றன. பேச்சினால் ஆகாத இக்காரியம் வேறெதனாலாவது ஆகுமா என்று எண்ணிக்கொண்டிருந்த நாளில்தான், நம் நாட்டின் பாவைக்கூத்தைப் பற்றிச் சிந்திக்க நேர்ந்தது.

தோல்பாவைக்கூத்து ஒரு குடும்பத்தின் கலை. தமிழகத்தில் அதை வழிவழியாக நடத்தி வருவோர் மராட்டியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் சமூகத்தார். பதப்படுத்திய ஆட்டுத்தோலில் உருவங்களை வெட்டி, துளையிட்டு, வண்ணம் தீட்டி, வெள்ளைத் திரைக்கும் விளக்குக்கும் இடையில் நிறுத்தி ஆட்டுவார்கள். திரைக்குப் பின்னால் குடும்பமே அமர்ந்திருக்கும். ஒருவர் ஆர்மோனியம் வாசிப்பார்; ஒருவர் மிருதங்கம் தட்டுவார்; ஒருவர் அடுத்து வரவேண்டிய பாவையை எடுத்துக் கொடுப்பார். ஆட்டுவதும் பாடுவதும் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பதும் பெரும்பாலும் ஒருவரே. இராமாயணத்தைப் பத்து இரவுகள் தொடர்ந்து நடத்துவது மரபு. பசியோடு அண்ணன் வீடு தேடி வந்து, அண்ணியால் விரட்டப்பட்டு, ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் வீழ்ந்த நல்லதங்காள் கதையும் உண்டு. நடுநடுவே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் இரு கோமாளிகள் தோன்றிச் சிரிக்கச் செய்வார்கள்.

இத்தகைய குடும்பம் ஒன்றில் அண்ணனும் தம்பியும் பகைத்துப் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலத்தை அளந்து வெட்டலாம். கிணற்றை நாள் முறையாக்கலாம். பாவைப் பெட்டியை என்ன செய்வது? இராமன் அண்ணனுக்கு, இலக்குவன் தம்பிக்கு என்றால் எவரால் ஓர் இரவேனும் கூத்து நடத்த முடியும்? ஒரு பருவம் பட்டினி கிடந்த பின் இருவரும் மீண்டும் ஒரு திரைக்குப் பின்னால் வந்து உட்காரத்தான் வேண்டும்.

ஆயினும் இதை நல்லிணக்கம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வயிறு சேர்த்து வைத்ததை மனம் சேர்ந்ததாகக் கொள்ளலாமா? ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஒரே கடையில் இருபது ஆண்டுகள் வியாபாரம் நடத்திய சகோதரர்களை நாம் கண்டதில்லையா? சேர்ந்து உழைத்தால் பகை தானே கரைந்துவிடும் என்பது கேட்க இனிய கருத்து. அனுபவம் அதற்குச் சாட்சி சொல்வதில்லை.

பாவைக்கூத்தில் நம்மைச் சிந்திக்க வைத்தது அந்தக் குரல்தான். வாலியும் சுக்கிரீவனும் உடன்பிறந்தார். அசுரனைத் துரத்திக்கொண்டு குகைக்குள் சென்ற அண்ணன் நெடுங்காலம் திரும்பவில்லை. இறந்துவிட்டான் என்று எண்ணித் தம்பி குகை வாயிலை அடைத்துவிட்டு அரசனானான். திரும்பி வந்த அண்ணன் அதைத் துரோகம் என்று கொண்டான். திரைக்குப் பின்னால் இருப்பவர் இவ்விருவருக்குமே குரல் கொடுக்க வேண்டும். இருட்டில் அடைபட்டவனின் சீற்றமும் அவர் தொண்டையிலிருந்து வரவேண்டும். அறியாமல் பிழை செய்தவனின் நடுக்கமும் அதே தொண்டையிலிருந்து வரவேண்டும். சுக்கிரீவன்மீது இரக்கம் கொண்டு வாலியின் வாதத்தைச் சற்றே மெலிவாகச் சொல்லிப் பார்க்கட்டும், கூத்து அங்கேயே படுத்துவிடும்.

கேரளத்துப் பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் கம்பனின் தமிழ்ப் பாடல்களைக் கொண்டே தோல்பாவைக்கூத்து நடத்துகிறார்கள். கடல் கடந்து ஜாவாவுக்குச் சென்றால், அங்கே பாண்டவர், கௌரவர் கதையை நிழற்பாவையில் ஆட்டும் கலைஞர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ‘தாலாங்’ என்று அழைக்கப்படும் அந்தக் கலைஞர் ஒரு வாழைத்தண்டில் ஓர் அணியை வலப்புறமும் மற்ற அணியை இடப்புறமும் குத்தி நிறுத்திவிட்டு, மாலை தொடங்கி விடியும்வரை எல்லோருக்காகவும் தாம் ஒருவரே பேசுகிறார். பங்காளிச் சண்டையின் இரு தரப்பையும் ஓர் இரவு முழுவதும் ஒரு மனிதர் தம் மூச்சில் தாங்குவது சாமானியமான பயிற்சி அன்று.

நமது வட்டாரத்தின் கலை தெருக்கூத்து. அதில் 'கர்ண மோட்சம்' அறியாதார் இல்லை. தாம் கொன்றவன் தம் மூத்த சகோதரன் என்பதைப் பாண்டவர் அவன் மாண்ட பிறகே அறிகிறார்கள். வட மாவட்டங்களில் இக்கூத்தை இறப்புச் சடங்குகளை ஒட்டி நடத்தும் வழக்கமும் உண்டு. ஜனாஸாத் தொழுகையின் முன்வரிசையில் நின்று கண்ணீர் விடும் தம்பிகளைப் பார்க்கும்போது நமக்கு அந்தக் கூத்து நினைவுக்கு வரும்.

பாவையைக் குறித்து வேறொரு வகையான சிந்தனையும் உண்டு. சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி ஒருமுறை தம் அமைச்சர் அல்காழி அல்ஃபாழிலை நிழற்கூத்து காண அழைத்ததாக ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. தயங்கி இருந்து பார்த்த அமைச்சர், அரசுகள் வருவதையும் போவதையும் கண்டதாகவும், திரையைச் சுருட்டியபோது ஆட்டியவன் ஒருவனே என்று கண்டதாகவும் சொன்னாராம். இறைவனை எண்ணிச் சொல்லும்போது இது உயர்ந்த சொல். ஆனால் சகோதரர் வழக்கில் இதே எண்ணம் ஒரு தந்திரமாகிவிடுவதைப் பார்க்கிறோம். "நான் என்ன செய்வேன், விதி ஆட்டியது, ஷைத்தான் புகுந்துவிட்டான், மனைவி மக்கள் தூண்டினார்கள்" என்று சொல்லிவிட்டால் நாம் வெறும் பாவை. குற்றம் நூலைச் சேர்ந்தது. நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர், உள்ளத்தில் நாணமில்லாதவரின் நடமாட்டத்தைக் கயிற்றால் உயிருள்ளதுபோல் மயக்கும் மரப்பாவைக்கு ஒப்பிட்டதும் இங்கே நினைக்கத்தக்கது.

மரப்பாவை என்றதும் நம் ஊர்ச் சிற்பிகள் நினைவுக்கு வருகிறார்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்களின் உளி பெரும்பாலும் தெய்வ உருவங்களைச் செதுக்குவது. பொம்மலாட்டப் பாவைக்குக் கனம் குறைந்த கல்யாண முருங்கை மரம் வேண்டும். கனம் குறைந்தது என்றாலும் தமிழ்நாட்டுப் பொம்மலாட்டப் பாவை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் வரை இருப்பதுண்டு. அதைத் தாங்கும் நூல்களை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, அவ்வளையத்தை ஆட்டுபவர் தம் தலையில் அணிந்துகொள்கிறார்; கைகளைக் கம்பிகளால் இயக்குகிறார். பாவை ஓர் அடி எடுத்து வைத்தால் அதன் பாரம் ஆட்டுபவர் தலையில் இறங்குகிறது. விதியின்மீதும் ஷைத்தான்மீதும் பழியை ஏற்றும் நாம் அந்த வளையத்தைக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

திருக்குர்ஆனின் பன்னிரண்டாவது அத்தியாயம் இவ்விடத்தில் நுட்பமானது. யூசுப் (அலை) அவர்களைக் கிணற்றில் போட்ட சகோதரர்கள் கடைசியில் தாங்கள் குற்றம் செய்துவிட்டதை ஒப்புக்கொள்கிறார்கள். ஷைத்தானைச் சாட்சிக்கு இழுக்கவில்லை. தமக்கும் தம் சகோதரர்களுக்கும் இடையே ஷைத்தான் பிளவை உண்டாக்கினான் என்று சொல்பவர், கிணற்றில் போடப்பட்ட யூசுப் நபி. ஒரே சொல், அநியாயம் செய்தவர் வாயில் வந்திருந்தால் சாக்கு. அநியாயத்துக்கு ஆளானவர் வாயில் வந்ததால் பெருந்தன்மை. செய்தவர் நூலைத் தம் கைக்கு எடுத்துக்கொள்கிறார். ஆளானவர் அதை அவர் கையிலிருந்து விடுவிக்கிறார்.

ஆனால் நம் வழக்குகளில் யார் யூசுப், யார் கிணற்றில் போட்டவர் என்பதே தகராறு. இருவரும் தம்மை யூசுப் என்றே எண்ணிக்கொள்கிறோம். எனவேதான் குரல் மாற்றிப் பேசும் அப்பயிற்சி வேண்டும் என்கிறோம்.

சென்ற மாதம் ஓர் இரவு, வீட்டார் உறங்கிய பின், அதைச் செய்து பார்த்தோம். அண்ணனின் தரப்பை அவர் குரலில், குறைக்காமல், கேலி கலக்காமல் சொல்லத் தொடங்கினோம். "தம்பி, அம்மா படுக்கையில் கிடந்த பதினான்கு மாதமும் நீ சென்னையில் இருந்தாய். கிணறு வற்றியபோது நான் கடன் வாங்கித் தூர் வாரினேன். பாதிச் செலவு உன் பங்கு என்று உனக்குக் கடிதம் எழுதினேன்." இந்த இடத்தில் நமது நாவு நின்றுவிட்டது. தம்மைக் கேளாமல் செலவு செய்தார் அண்ணன் என்பதல்லவா நாம் ஊருக்குச் சொன்ன வழக்கு? அந்தக் கடிதம் நமக்கு வந்தது. படித்தோம், மடித்து வைத்தோம், பதில் எழுதவில்லை. மோட்டார் அறையில் பூட்டு விழுந்தது அதற்கு ஏழு மாதங்களுக்குப் பின்னர். எட்டு ஆண்டுகளாக நாம் சொல்லிவந்த கதை அந்தப் பூட்டில்தான் தொடங்கும்.

பெட்டியைக் கிளறியதில் கடிதம் கிடைத்தது. அதில் அண்ணன் தொகையையும் ஆள் கூலியையும் தனித்தனியே எழுதியிருக்கிறார். கீழே, "அம்மா உன்னைக் கேட்கிறாள்" என்று ஒரு வரி. பாதித் தொகையை எண்ணி ஓர் உறையில் வைத்திருக்கிறோம். காய்ந்த கரும்பைப் பற்றிக் கேட்க நமக்கும் உரிமை உண்டு. அதை இரண்டாவதாகக் கேட்போம். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அண்ணன் செருப்பு விடும் தூணருகே போய் நிற்பதாக இருக்கிறோம்.