ஒளியின் சாட்சியம்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் பிறழாத நேர்மையும் நாணயம். முன்னதைப் படம் பிடிக்கப் புகுந்த நாம் பின்னதிற் சிக்கிக்கொண்ட கதையை இங்கு எழுதத் துணிகிறோம்.

நம்மிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர், காலஞ்சென்ற தம் தந்தையார் சேர்த்து வைத்திருந்த சில வெள்ளிக் காசுகளைக் கொணர்ந்தார். வீட்டில் மருத்துவக் கடன். வெளியூர் அன்பர் ஒருவர் படம் பார்த்து விலை சொல்வதாகக் கூறியிருக்கிறார். "எழுத்தை வாசித்துச் சொல்லிப் படமும் எடுத்துத் தாருங்கள், ஹஜ்ரத்" என்றார். அரபுத்தமிழ் ஏடுகளைப் படி எடுப்பதற்கென நாம் வாங்கிய சிறு டிஜிட்டல் கேமரா ஒன்று இருந்தது. ஏட்டைப் படம் பிடித்தவருக்குக் காசு எம்மாத்திரம் என்று எண்ணினோம். அறியாமைதான்!

ஏடு ஒளியைப் பருகும்; வெள்ளியோ அதைத் திருப்பி எறியும். கேமராவின் ஃபிளாஷை ஏவியதும் காசு வெண்தழலாயிற்று. ஓர் எழுத்தும் இல்லை. மஞ்சள் விளக்கின் கீழ் வைத்தோம், வெள்ளி பொன்னாயிற்று. வெள்ளைத் தாளொன்றைக் காட்டி 'இதுவே வெண்மை' எனக் கருவிக்குக் கற்பித்த பின்னரே அது தன் நிறத்துக்கு மீண்டது. விளக்கைக் கீழ்ப்புறம் வைத்தபோது புடைத்த எழுத்துகள் குழிந்தவையாகத் தோன்றின. ஒளி மேலிருந்து வருவதே வழக்கம் என்று நம் கண் நம்பியிருப்பதால் விளையும் மயக்கம் இது. முக்காலியில் கேமராவைப் பொருத்தி, லென்ஸைக் காசின் தளத்துக்கு இணையாக நிறுத்தி, விரல் நடுக்கம் படாதிருக்க இரண்டு வினாடித் தாமதம் வைத்து, விளக்குக்கு வெண்ணெய்த்தாள் திரையிட்டோம். அப்போதுதான் எழுத்து கண்விழித்தது. (இதற்கிடையே மாணவர், "புளி இட்டுத் துலக்கட்டுமா?" என்று கேட்டதும் நாம் பதறித் தடுத்ததும் தனிக்கதை. துலக்கிய பழங்காசு மதிப்பிழந்த காசு.)

அவற்றுள் ஒன்று ஆற்காட்டு ரூபாய். இரண்டாம் ஆலம்கீர் பெயர் பாரசீக எழுத்தில் பொறித்திருந்தது. ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6. அதாவது கி.பி. 1758-59. அம்மன்னர் 1759இல் கொல்லப்பட்டார். ஆயினும் சென்னைக் கம்பெனியார் 1807 முதல் 1835 வரையிலும் அதே பெயரையும் அதே ஆண்டையும் பொறித்தே ரூபாய் அடித்து வந்தனர். மக்கள் பழகிய முகப்பை மாற்ற அஞ்சினர் போலும். நம் கையிலிருந்ததும் அவ்வகையினதே. நேர்மைக்குப் பெயர் தந்த பொருளே தன் பிறந்த ஆண்டைப் பற்றிப் பொய் பேசுகிறது!

அக்காசின் விளிம்பில் ஒரு தழும்பு இருந்தது. யாரோ ஒரு காலத்தில் மாலையில் கோப்பதற்காக வளையம் பற்றவைத்துப் பின்னர் அராவி எடுத்திருக்கிறார்கள். திரையிட்ட மென்மையான ஒளியில் அது முற்றும் மறைந்தது. பக்கவாட்டில் தாழ்ந்த ஒளியில் பள்ளத்தாக்காய் வாய் பிளந்தது. மாணவர் முதற் படத்தையே விரும்பினார். "நாம் எதையும் அழிக்கவில்லையே, ஹஜ்ரத், விளக்கைத் தள்ளி வைத்தோம், அவ்வளவுதானே?" என்றார்.

எளிதில் விடை கூறக்கூடிய வினாவன்று அது. ஒளியின்றிப் படமில்லை, ஒளியை எங்கேனும் வைத்தேயாக வேண்டும், எங்கு வைத்தாலும் ஒன்று தெரியும், ஒன்று மறையும். எனினும் ஃபிக்ஹு நூல்களில் 'தஸ்ரியா' என்றொரு செய்தி வருகிறது. விற்பதற்கு முன் ஆட்டைச் சில வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவது. மடியில் உள்ளது பாலேதான். வெளியிலிருந்து ஒரு துளியும் சேர்க்கவில்லை. ஆயினும் அது வஞ்சனை. ஷாபிஈ மத்ஹபில் வாங்கியவர் ஆட்டைத் திருப்பித் தரலாம். ஏனெனில் பார்ப்பவர் அதிலிருந்து எதை ஊகிப்பார் என்பது விற்பவருக்குத் தெரியும்.

ஹதீஸ் கலையினர் அறிவிப்பாளரிடம் இரண்டைத் தேடுவர்: அதாலத் என்னும் நேர்மை, ளப்த் என்னும் பிழையற்ற பிடிப்பு. கேமராவுக்கு ளப்த் உண்டு, நம் போன்ற முதியவர் நினைவினும் மேலாகவே உண்டு. அதாலத்தை அதனிடம் கேட்கலாகாது. அது விளக்கைப் பிடித்த கையினுடையது. இடையிலுள்ள பலவீனமான ஒருவரை விட்டுவிட்டு, பொய் என்று சுட்ட இயலாத சொற்களால் அறிவிப்பதைத் 'தத்லீஸ்' என்பர். நம் முதற் படம் அதுவேயன்றி வேறென்ன?

அதற்காகத் தாழ்ந்த ஒளிப் படத்தை மட்டும் அனுப்புவதே வாய்மை என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. மயிரிழைக் கீறலைக் கால்வாயாகக் காட்டுவது விற்பவருக்குச் செய்யும் அநீதி. காசைக் கையிலேந்தும் மனிதர் அதை ஒரே நிலையில் பார்ப்பதில்லை. சாளரத்தருகே திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அந்தத் திருப்புதலை ஒரு படம் எங்ஙனம் தரும்?

ஆகவே இரண்டையும் அனுப்பும்படி கூறினோம். தழும்பு இருக்குமிடத்தையும் எழுதச் சொன்னோம். மாணவர் நெடுநேரம் பேசாதிருந்தார். கடன் அவருடையது, நம்முடையதன்று. அறிவுரை வழங்குவோர்க்கு இச்சுகம் எப்போதும் உண்டு. பின்னர் நம் கண்ணெதிரிலேயே இரு படங்களையும் அனுப்பினார்.

இரு வாரங்கள் கழிந்து காசு விலையாயிற்று என்று தெரிவித்தார். எவ்வளவு குறைந்தது என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.