காயம் எங்கே?



நம்ம சபைகளில் படம் மாட்டுகிற வழக்கம் இல்லை. ஆனாலும் மணவூரில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. மருமகளுக்கு நாகர்கோவில் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். அவங்க அம்மா கொடுத்தனுப்பியது. சங்கிலியோடு முழங்காலில் நிற்கிற தேவசகாயம் பிள்ளையின் படம். போன மாசம் பேரன் கேட்டான்: "தாத்தா, இவரை அடிச்சாங்கன்னு சொன்னீங்களே, காயம் எங்கே?"

எனக்குப் பதில் வரவில்லை. திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர், 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். உள்ளங்காலில் அடித்து, புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்து, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டுபோனார்கள் என்று சொல்லுவார்கள். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றார்கள். 2022-ல் ரோமாபுரியில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அதைப்பற்றி இங்கே பேச்சில்லை. படத்திலோ வேட்டி வெள்ளைவெளேர், முகத்தில் சாந்தம்!

வரைந்தவரைக் குறைசொல்ல மனசு வரலை. ஸ்தேவானின் முகத்திலும் ஆலோசனை சங்கத்தார் கண்டது பயத்தை அல்லவே. அந்தச் சமாதானமும் சாட்சிதான்.

ஆனால் க்ரூனவால்ட் என்ற ஜெர்மானிய ஓவியர் வேறுமாதிரி செய்தார். ஈசன்ஹைம் மடத்துக்கு 1512 முதல் 1516-க்குள் ஒரு சிலுவைப் படம் வரைந்தார். பூஞ்சணம் பிடித்த தானியத்தைத் தின்று உடம்பு அழுகினவர்களை வைத்துப் பராமரித்த மடம் அது. அவர்களுக்கு இருந்தது போன்ற புண்களையே இயேசுவின் சரீரமெங்கும் வரைந்துவிட்டார். பார்க்கவே கூசும். ஆனா அங்கே கிடந்த நோயாளி, "இவர் என்னை மாதிரியே இருக்காரே" என்றிருப்பான் இல்லையா?

இதை எழுத வெட்கமாயிருக்கிறது. பக்கத்துத் தெருவில் எங்க பெரியம்மாவுக்கு சர்க்கரையால் காலில் ஆறாத புண். வாசற்படியில் நின்றே ஜெபித்துவிட்டு, "அரக்கோணத்துக்கு வண்டி வந்துரும்" என்று சொல்லி வந்துவிட்டேன். வண்டி இல்லை, நாற்றம்தான். அன்று ராத்திரி அதே காலண்டரைப் பார்த்துக் கண்ணீரும் விட்டேன்! சங்கிலியை வரைந்து புண்ணை விட்டுவிட்டதால்தான் எனக்கு அது இத்தனை சுலபமாயிருந்தது. தேவசகாயம் என்பது லாசரு என்ற பேருக்குத் தமிழ். ஐசுவரியவானின் வாசலில் கிடந்த லாசருவுக்கு உடம்பெல்லாம் புண். நாய்கள்தான் கிட்ட வந்தன.

பேரனிடம், "உள்ளங்கால்லடா. முழங்கால் போட்டா தெரியாது" என்றேன். அவன் காலண்டரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.

நேற்று பெரியம்மாவுக்குக் கட்டு மாற்றுகிற நேரமாய்ப் பார்த்துப் போனேன். அவனும் கூட வந்தான்.